மச்சான் போட்ட கோடு

என்னோடு கூடப்பிறந்த ராத்தாவின் மாப்பிள்ளையை, என் மச்சானை, நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி ராத்தா அழுது பார்த்தா. என்னைக் கட்டின மாப்பிள்ளை கத்தாரிலிருந்து போனில் புத்தி சொல்லிப் பார்த்தார். பக்கத்து வளவுப் பொம்பிளைகள்கூட, "என்னகா டீச்சர், ஒரு கோட்டுக்கா இவ்வளவு கோவம்?" என்று கேட்டுப் பார்த்தார்கள். ஓம், ஒரு கோட்டுக்குத்தான். அந்தக் கோடு எங்கே விழுந்தது என்று தெரிந்தால் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சித்திரம் படிப்பிக்கிறேன். சித்திர டீச்சர் என்றால் ஊரில் ஒரு மாதிரிச் சிரிப்பு. கணக்கு டீச்சரைக் கண்டால் எழும்பி நிற்பார்கள். என்னைக் கண்டால், "டீச்சர், மகளுக்குக் கல்யாணம், கைக்கு ஒரு மருதோண்டி டிசைன் கீறித் தாங்களேன்" என்பார்கள். கீறிக் கொடுப்பேன். எனக்கு அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

ஆனால் எனக்குப் படம் கீறுவதைவிடப் படம் பார்ப்பதில்தான் பைத்தியம். எங்கள் பக்கத்தில் படம் பார்க்கவென்று ஒரு இடம் கிடையாது. அதனால் என்னிடம் வந்த படங்களெல்லாம் வேறு வேலைக்கென்று வந்தவை. கலண்டராக வந்தவை, பிஸ்கட் பெட்டி மூடியாக வந்தவை, இறைச்சி சுற்றி வந்த பழைய சஞ்சிகைத் தாளாக வந்தவை. மாதங்களைக் கிழித்து எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் வெட்டி எடுப்பேன். இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, அலுமாரியின் மேல்தட்டில் படுக்கப் போடுவேன். இருபது முப்பது வருசத்துச் சேகரிப்பு அது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன பிறகு வளவே அமைதியாகிவிடும். அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பாயில் பரப்புவேன். ஒல்லாந்தர் காலத்துச் செதுக்குப் படம் ஒன்று, ஏதோ கம்பனி கலண்டரில் வந்தது. நம்முடைய கடற்கரைதான், ஒரு கப்பல், தொப்பி போட்ட சின்னச் சின்ன மனுசர்கள், ஒரு யானை. செதுக்கினவன் வாழ்நாளில் யானையைக் கண்டிருக்க மாட்டான். முழங்காலை மாட்டுக்கு வைக்கிறது போலப் பின்பக்கமாக மடக்கி வைத்திருந்தான். ஆனால் கடலை மட்டும் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்தான். வெறும் கோடுதான், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. கிட்ட வைத்தால் கோடு, தள்ளி வைத்தால் தண்ணீர். அந்த யானைக்காக நான் சிரிக்காத வெள்ளிக்கிழமை இல்லை.

கத்தாரிலிருந்து என் மாப்பிள்ளை கொண்டுவந்த கலண்டரில் பழைய பாரசீகத்துப் படங்கள் இருந்தன. ஒரு தோட்டம், நடுவில் ஒரு ராசா, சுற்றிவர நாற்பது ஐம்பது பேர். ஒவ்வொரு முகமும் பருப்பு அளவுதான். அந்தப் பருப்புக்குள்ளே ஒருத்தன் பக்கத்தில் இருக்கிறவனிடம் கோள் சொல்கிறான், இன்னொருத்தனுக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது. பூதக்கண்ணாடி இல்லாமல் அது தெரியாது. பிறகு ஜப்பான்காரருடைய மரக்கட்டை அச்சு ஒன்று, மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு போகிற ஒரு பொம்பிளை. கண்டிப் பக்கத்துப் பௌத்தப் பன்சலைச் சுவர்ச் சித்திரம் ஒன்று, முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கக் கண் மட்டும் நம்மைப் பார்க்கும். இந்தியாவிலிருந்து வருகிற வார இதழ்களில் கதைக்குப் போட்ட பேனைப் படங்கள் ஒரு கட்டு. அவற்றில் கதையை நான் வாசித்ததே இல்லை.

இவ்வளவுக்கும் அடியில், தனி மட்டைக்குள், என் உம்மா.

உம்மா மௌத்தாகும்போது எனக்கு ஒன்றரை வயது. போட்டோ கிடையாது. உம்மா போட்டோவுக்கு நிற்கவில்லை, நிற்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் மருதமுனைக் கைத்தறிச் சங்கம் ஒன்று விளம்பரத்துக்காகக் கலண்டர் அடித்திருக்கிறது. படம் கீற வெளியூரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்திருக்கிறார்கள். உம்மாவின் தறிதான் வாசல் வெளிச்சத்துக்கு நேரே இருந்ததாம். வாப்பாவிடம் கேட்டுவிட்டு, வாசலுக்கு வெளியே நின்றபடியே அந்த மனுசன் கீறிக்கொண்டு போனான். கறுப்பும் காவியுமாக இரண்டே நிறத்தில் அச்சான படம். தறியில் இருந்து முகத்தைக் கொஞ்சம் திருப்பி, "யாரு அது?" என்று கேட்கப்போகிற மாதிரி ஒரு பார்வை. என்னிடம் உள்ள உம்மா அவ்வளவுதான். ராத்தாவுக்கு உம்மாவின் முகம் ஞாபகம். எனக்கு இந்தத் தாளைத் தவிர ஒன்றுமில்லை.

அந்தப் படத்தில் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேணும். கீறினவன் கெட்டிக்காரன். கழுத்தின் இரண்டு ஓரத்தையும் அவன் கீறவே இல்லை, தாளை வெறுமனே விட்டுவிட்டான். அதற்குப் பதிலாக உம்மா கட்டியிருந்த ஒரு கறுத்த நூலை மட்டும் வளைத்துக் கீறியிருந்தான். மெல்லிய நூல், இடது பக்கம் ஒரு சின்ன முடிச்சு. அந்த வளைவு ஒன்றினாலேயே கழுத்துக்கு உருட்சி வந்திருந்தது. நூலை விரலால் மறைத்தால் கழுத்து பலகையாகிவிடும், விரலை எடுத்தால் மறுபடியும் சதையும் மூச்சுமாக வந்துவிடும். சின்ன வயதில் இதை ஒரு விளையாட்டாகவே விளையாடியிருக்கிறேன்.

அது என்ன நூல் என்று வாப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். "ராத்தாவுக்குப் பொறகு ரெண்டு புள்ள தங்கல்ல. ஒன்ன வயித்துல வெச்சிரிக்கக்குள்ள லெப்பையக்கிட்ட ஓதிக் கட்டின நூல் மகள் அது" என்றார். அப்படியென்றால் அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன், அந்த நூலில். சீதனமாக எனக்கு வீடு வந்தது, வளவில் பாதி வந்தது, நகை வந்தது. என்னுடையது என்று நான் நினைத்தது அந்த நூலைத்தான்.

சுனாமியாகக் கடல் வந்த அன்று ஊரில் பாதி போனது. எங்கள் வளவு பெரிய ரோட்டுக்கு மேற்கே என்பதால் தப்பியது. கடலுக்குத் தப்பின படம் மச்சானுக்குத் தப்பவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து சேருகிறவர். வாப்பா வளவை இரண்டாக்கி ராத்தாவுக்கு ஒரு வீடும் எனக்கு ஒரு வீடும் கட்டித் தந்தார். ராத்தாவுக்கு வந்து சேர்ந்த மனுசன், வாப்பா மௌத்தான பிறகு முழு வளவுக்கும் தீர்ப்புச் சொல்கிற ஹாக்கிமாகிவிட்டார். கல்முனையில் இரும்புச் சாமான் கடை, பள்ளிவாசலில் ஒரு பதவி, ஹஜ்ஜும் செய்தாயிற்று. வேலிக்கு எந்தக் கம்பி, கிணற்றுக்கு எந்த மோட்டர், என் வீட்டு ஜன்னலுக்கு எந்தத் திரை, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பத்வா இருக்கும். நானும் பேசாமல் இருந்தேன். ராத்தாவுக்காக இருந்தேன்.

அவருக்கு உருவப் படமென்றால் ஆகாது. அது அவருடைய மார்க்கப் பேணுதல், அதில் எனக்கு வழக்கில்லை. நானும் தொழுகிறவள்தான், என் சுவரில் அந்த நாளில் ஒரு படம்கூடத் தொங்கவில்லை. மார்க்கத்தோடு எனக்கு ஒரு சண்டையுமில்லை, என் சண்டை மச்சானோடு. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் மனுசர், மிருகம் எது இருந்தாலும் கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுவார். தலை வேறு உடல் வேறு ஆகிவிட்டால் அது உயிரில்லாத சாமான், வீட்டில் வைக்கலாம் என்பது அவர் கணக்கு. ஊரில் பலரும் செய்கிறதுதான். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிற புத்தகங்களில் பாதிக்கு மேல் கழுத்தில் கோடு போட்ட முயலும் கோடு போட்ட தபால்காரனும்தான்.

போன வருசத்துக்கு முதல் வருசம் எனக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள், பிறகு காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததில் நிறைய நாள் கிடக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டுத் திறப்பும் அலுமாரித் திறப்பும் சேர்ந்த சாவிக்கொத்தை ராத்தாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போனேன். என் சுகத்துக்காக என் வீட்டிலேயே ஆள் கூட்டிக் குர்ஆன் ஓதியிருக்கிறார்கள். அதை ராத்தா ஆஸ்பத்திரியில் வந்து சொன்னபோது என் கண் நிறைந்துவிட்டது. மச்சானுக்காகவும் அன்றைக்குத்தான் மனம் நிறைய துஆச் செய்தேன். அந்த துஆவைத் திருப்பி எடுக்க ஒரு வழி இருந்தால் எடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, தையல் காய்ந்து, கையைத் தூக்க முடிந்த முதல் வெள்ளிக்கிழமை மட்டைகளை இறக்கினேன்.

முதலில் யானை. கழுத்தில் கறுத்த மாக்கர் கோடு. எனக்கு விளங்கவில்லை, அழுக்கு என்று நினைத்து விரலால் தேய்த்தேன். பிறகு கப்பல் பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர்கள், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கோடு. குடை பிடித்த பொம்பிளைக்கு ஒரு கோடு, மழையோடு சேர்த்து. பாரசீகத்துத் தோட்டம் இருக்கிறதே, முகமே பருப்பளவு, மாக்கர் முனையோ விரல் தடிப்பு. கோள் சொன்னவனும் இல்லை, தூங்கி விழுந்தவனும் இல்லை, தோட்டம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. மிருகங்களின் பழைய விளக்கப் படம் ஒன்றிருந்தது, அதில் ஒட்டகச்சிவிங்கிக்கு எந்த இடத்தில் போடுவதென்று தெரியாமல் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. யா அல்லாஹ், அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடியில் கிடந்த மட்டையைத் தொட்டவுடன் சிரிப்பு நின்றுவிட்டது.

உம்மாவுக்கும் போட்டிருந்தார். அடிமட்டக் கோல் வைத்துக் கீறின மாதிரி நேரே, தறிக்கட்டையிலிருந்து சுவர் வரைக்கும். விரல் தடிப்பான அந்தக் கோடு நூலின் வளைவை முழுக்க மூடியிருந்தது. நூலைக் காணவில்லை. முடிச்சையும் காணவில்லை.

நான் கத்தினேன் போல. ராத்தா வேலிக் கதவால் ஓடி வந்தா, பின்னால் மச்சான், ஜும்ஆ முடிந்து தொப்பியோடு.

"என்ன மச்சி, தையல் கியல் உட்டிட்டா?" என்று கேட்டார் மச்சான்.

படத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தில் ஒரு திருப்தி. சத்தியமாகத் திருப்திதான்.

"ஒங்கட சுகத்துக்குத்தான் மச்சி செஞ்சன். ஓத ஆக்கள் வரக்குள்ள ஊட்டுல இவ்வளவு உருவம் இரிந்தா வானத்து மலக்குமார் வருவாங்களா? அதான் குந்திக்கிட்டு ஒண்டொண்டா உயிர எடுத்துட்டன். கிழிச்சா நீங்க கவலப்படுவீங்க எண்டுதான் கிழிக்கல்ல."

"அலுமாரிக்குள்ள பூட்டித்தானே மச்சான் கிடந்திச்சி?"

"மலக்குக்கு என்ன அலுமாரி, என்ன பூட்டு?"

"இது உம்மா."

"ஓம், ராத்தா சொன்னா. அதான் அதுக்கு மட்டும் அடிமட்டம் வெச்சிப் போட்டன், வடிவா இரிக்கட்டும் எண்டு."

ராத்தாவின் பக்கம் திரும்பினேன். "நீங்களாவது சொல்லலியா?" என்று கேட்டேன். "சுகமாகோணுமே எண்டு இரிந்த நேரம்கா அது. ஒரு கோடுதானே. உம்மாட மொகம் அப்படியேதானே இரிக்கி" என்றா. அவவுக்கு அது ஒரு கோடுதான். கண்ணை மூடினால் உம்மா வருவா அவவுக்கு. நான் கண்ணை மூடினால் இனி அந்தக் கோடுதான் வரும்.

என் சுகத்துக்காக ஓதின மனுசனை நான் எந்த வாயால் ஏசுவது? ஊரே அவர் பக்கம்தான் நிற்கும். நல்லது செய்யப் போனவர், அறியாமல் செய்துவிட்டார், மனம் சுத்தம் என்பார்கள். ஆகவே ஏசவில்லை. பேசாமல் கல்முனைக்குப் போய்ப் படத்துக்குப் பிறேம் போட்டு வந்தேன். ஹோலில் சுவர் ஓரத்துக் கதிரைதான் மச்சான் வந்தால் இருக்கிற கதிரை. அதற்கு நேரெதிரே ஆணி அடித்து மாட்டினேன்.

"என்ன மச்சி, உருவப் படத்தப் போய்ச் சுவத்துல!" என்று ஓடி வந்தார்.

"நீங்கதானே மச்சான் உயிர எடுத்துட்டீங்க. உங்கட சட்டப்படி இனி மாட்டலாமே."

அவர் வாய் திறந்தது, மூடியது. அன்றைக்கு அந்த ஒரு வாய் மூடினதுக்கே எனக்குச் சோறு இறங்கியது. அதற்குப் பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும், "டீச்சர், என்ன அந்தக் கோடு?" என்று கேட்பார்கள். நான் ஒன்றும் கூட்டியும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை. "எங்கட உம்மா. மச்சான் போட்டது" என்பேன். பிறகு தேத்தண்ணி ஊத்தப் போய்விடுவேன்.

இவ்வளவும் சில்லறை. பெரியது பிறகுதான் வந்தது, அல்லாஹ் தன் கையாலேயே கொண்டுவந்து தந்தது போல.

ஆவணங்களுக்கு அத்தாட்சிக் கையெழுத்துப் போடுகிற சமாதான நீதவான் பதவி மச்சானுக்குக் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு அது கிடைத்தால் முதல் வேலை பேனர் அடிப்பதுதான். "வாழ்த்துகிறோம்" என்று நண்பர்கள் போட்டதாக இருக்கும், செலவு பதவி கிடைத்தவருடையதாக இருக்கும். ஆள் உயரத்துக்கு முகம் இருக்கும். உருவப் படம் ஆகாதென்று பாரசீகத்து ராசாவைக் கொன்ற மனுசனுக்கு, தன் முகத்தைப் பத்தடிக்கு அடிக்கிறபோது மலக்குகளின் ஞாபகமே வரவில்லை. அதற்கு என்னிடமே வந்தார்.

"மச்சி, கடைக்காரப் பொடியனுகள் கீறினா கல்யாணக் கார்ட் மாதிரி இரிக்கும். நீங்க படம் தெரிஞ்ச ஆள். ஒரு டிசைன் போட்டுத் தாங்களேன்."

"அதுக்கென்ன மச்சான். வடிவாப் போட்டுத் தாறன்" என்றேன். சந்தோசத்தில் என் குரல் எனக்கே இனித்தது.

கல்முனையில் அச்சுக்கடைத் தம்பியின் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். மச்சான் தந்த போட்டோ நேரே பார்த்த முகம், கோட், தொப்பி, தாடி ஒட்ட வெட்டியிருந்ததால் கழுத்து நன்றாகத் தெரிந்தது. பச்சைப் பின்னணி. மேலே பிறை. கீழே பதவியின் பெயர் தங்க எழுத்தில். முகத்தையும் எழுத்தையும் பிரிக்க ஒரு கறுத்த கோடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். தம்பி கோட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"டீச்சர், கோடு சரியா கழுத்துக்கு மேல வருதே. ஆளுக்குப் பின்னால போடவா?"

"முன்னாலயே போடுங்க தம்பி. கொஞ்சம் தடிப்பா."

அவன் என்னைப் பார்த்தான். அவனும் எங்கள் ஊர்க் குர்ஆன் மதரசாவில் ஓதின பிள்ளைதான். கோட்டைத் தடிப்பாக்கினான்.

மாதிரியை மச்சானின் போனுக்கு அனுப்பினோம். எனக்கு ஒரு பயம் இருந்தது, கண்டுபிடித்துவிடுவாரோ என்று. ஆயிரம் கழுத்துக்குக் கோடு போட்ட கை அல்லவா அது. ஆனால் பதில் உடனே வந்தது: "மாஷா அல்லாஹ். மொகம் வெளிச்சமா வந்திரிக்கி. அடிங்க." முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். படம் பார்க்கத் தெரியாதவர்கள் எல்லாரும் முகத்தை மட்டும்தான் பார்ப்பார்கள், சொந்த முகமென்றால் வேறு எதையும் பார்க்கவே மாட்டார்கள். இதை முதலாம் தவணையிலேயே நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒன்று, சந்தை வாசலில் ஒன்று, எங்கள் ஊர்ப் பெரிய ரோட்டுக்குக் குறுக்கே ஒன்று. விடியக்காலையில் கட்டினார்கள். முதலில் கண்டுபிடித்தது மதரசாவுக்குப் போன பிள்ளைகள். "ஹாஜியார்ர கழுத்துல கோடு! ஹாஜியார்ர கழுத்துல கோடு!" என்று ரோட்டில் நின்று துள்ளியிருக்கிறார்கள். பத்து மணிக்குள் ஓட்டோ நிறுத்துகிற இடம் முழுக்க இதே கதை. வேறு ஊர் ஆளுக்கு அது வெறும் அலங்காரக் கோடு. எங்கள் ஊரில் வாய்ப்பாடு தெரியாதவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் போகிற ஓட்டோக்காரர் பேனருக்குக் கீழே வேகத்தைக் குறைத்தார். "ஆரு டீச்சர் செஞ்ச வேல? நல்ல பேணுதலான பேனர். இனி சந்திக்கு மலக்குமார் தாராளமா வருவாங்க" என்றார். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். என் வாழ்நாளில் நான் பார்த்த படங்களிலேயே என்னை ஆகக் கூடச் சந்தோசப்படுத்தினது அந்த பேனர்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் ரசித்தேன். அச்சும் சுத்தமாகத்தான் விழுந்திருந்தது.

பின்னேரம் மச்சான் வேலிக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன மானக்கேட்டு வேல மச்சி இது? கடைக்கு வாற போற ஆக்களெல்லாம் என்ட கழுத்தப் பார்க்கானுகள்!"

"இருங்க மச்சான், தேத்தண்ணி ஊத்தறன்."

"தேத்தண்ணியும் மண்ணாங்கட்டியும்! வேணுமெண்டே செஞ்சிரிக்கீங்க!"

"ஓம்" என்றேன். "வேணுமெண்டேதான் செஞ்சன். அடிமட்டம் வெச்சித்தான் போடச் சொன்னன், வடிவா இரிக்கட்டும் எண்டு."

அவர் வழக்கமான கதிரையில் பொத்தென்று இருந்தார். எதிரே உம்மா. எவ்வளவு நேரம் இருந்தாரோ தெரியாது, நான் தேத்தண்ணி ஊத்தி வந்தபோது ஆள் இல்லை. அன்று மஃரிபுத் தொழுகைக்கு முன்னால் மூன்று பேனரும் இறங்கிவிட்டன. ராத்தா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. கதைக்காமலே வேலிக்கு மேலால் கறி மட்டும் வந்தது. அதையும் தின்றேன்.

இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த வாரம் மச்சான் மறுபடி வந்தார். கையில் ஒரு மட்டை. கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே நீட்டினார்.

"பெருநாளைக்கு வந்த நேரம், நீங்க வட்டிலப்பம் எடுக்க உள்ள போகக்குள்ள போன்ல புடிச்சன். அச்சுக்கடைப் பொடியன்கிட்டக் குடுத்து அழிப்பிச்சன். ரெண்டு நாளாக் குந்தி அழிச்சிரிக்கான். பாருங்க மச்சி."

பிரித்தேன். உம்மா. அதே தறி, அதே திரும்பல், நல்ல தாளில், கோடு இல்லாமல். இரண்டு வருசத்துக்குப் பிறகு கோடில்லாத உம்மா. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, மச்சானுக்கு முன்னால் அழுவதில்லை என்று பல்லைக் கடித்தேன்.

பிறகுதான் கழுத்தைப் பார்த்தேன். கோடு இருந்த இடத்தைத் தம்பி பக்கத்து நிறத்தால் நிரப்பியிருந்தான், நன்றாகத்தான் நிரப்பியிருந்தான். ஒன்றுமே இல்லை அங்கே. கழுத்து பலகை. கீறினவன் ஓரம் போடாமல் விட்ட கழுத்து, நூலும் இல்லாமல் போனதால் சட்டைக்கும் முகத்துக்கும் நடுவில் வெறும் தாளாகக் கிடந்தது. தம்பியைக் குறை சொல்ல முடியாது. கோட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"நூல் எங்க மச்சான்?"

"என்ன நூல்?"

"உம்மாட கழுத்துல கட்டியிருந்த நூல். என்ன வயித்துல வெச்சிரிக்கக்குள்ள ஓதிக் கட்டினது. நீங்க கோடு போட்ட இடத்துலதான் இரிந்திச்சி."

அவர் மட்டையைப் பார்த்தார். சுவரில் இருந்த உம்மாவைப் பார்த்தார். கிட்டப் போய், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். அந்தப் படத்தை அவர் பார்த்தது அதுதான் முதல்தரம்.

"நூல் இரிந்தத நான் காணல்ல மச்சி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "சத்தியமாக் காணல்ல."

"தெரியும்" என்றேன். "கையில அடிமட்டத்தோட உம்மாட மொகத்துக்குக் கிட்டக் குனிஞ்சிரிக்கீங்க. அப்படியும் காணல்ல."

என் பேனைப் பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். ஆக மெல்லிய முனையைத் தெரிந்தெடுத்தேன். "தாள் நகராமப் புடிங்க மச்சான்" என்றேன். அவர் குனிந்து இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்தார். அந்த நூல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று பார்த்துக் கீற ஒன்றுமில்லை, விரலால் மறைத்தும் திறந்தும் விளையாடின பிள்ளையின் ஞாபகம்தான் இருந்தது. கோடில்லாத உம்மாவின் கழுத்தில் என் கையாலேயே கோடு கீற வேண்டியிருந்தது. அதை அவர் பக்கத்திலிருந்து பார்க்க வேணும் என்று நான் விரும்பினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்தின் வளைவுக்கு வளைத்து, ஒரே இழுவையில் கீறினேன். இடது பக்கம் முடிச்சு வைத்தேன். கழுத்து உருண்டு வந்தது.

"அல்லாஹ்" என்றார் மச்சான். கண்ணைத் துடைத்தார் போலவும் இருந்தது, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப இதப் பிறேம் போட்டு மாட்டுவம் மச்சி" என்றார் மெதுவாக. "மத்ததக் கழட்டிரலாம்தானே?"

"இது என்ட அறைக்கு" என்றேன். "அது அங்கதான் கிடக்கும். இருங்க மச்சான், உங்கட கதிரையில இருங்க. தேத்தண்ணி ஊத்தறன்."